கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? கைவைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் பெரும்பாலானவர்கள் மூன்று வேலை செய்வார்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று தட்டிக்கொண்டே இருப்பது. "ஒரே கிளிக்கில் உங்கள் கணினி பறக்கும்" என்று கூவுகிற ஏதோ ஒரு மென்பொருளை இறக்கிப் போடுவது. இரண்டும் உதவாவிட்டால் தெரிந்தவர் யாரையாவது பிடித்து ஃபார்மட் பண்ணித் தரச் சொல்வது. ரெஃப்ரெஷால் ஒரு பயனும் கிடையாது, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான்களை அது மறுபடி வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான், ரேமின் (ஓடும் புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) பக்கமே அது போவதில்லை. அந்த ஒரே கிளிக் மென்பொருள் பல நேரம் இருக்கிற தொல்லையோடு புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகும். ஃபார்மட் வேலை செய்யும்தான். ஆனால் எதனால் மெதுவானது என்று பார்க்காமலே துடைத்துவிடுவதால், கொஞ்ச நாளில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

எது மெதுவாக்குகிறது என்பதை விண்டோஸே காட்டும். அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மெனுக்களின் பெயர் மாறும், ஆனால் பேக்கப்பும் தூசியும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

எதற்கும் முன்னால் பேக்கப்

இதைச் செய்யாமல் கீழே போகாதீர்கள். படங்கள், ஆவணங்கள், கணக்கு வழக்கு, இவற்றின் இன்னொரு பிரதி வேறொரு இடத்தில் இருக்க வேண்டும்.

"டி டிரைவில் வைத்திருக்கிறேனே, அது பத்திரம்தானே" என்று நிறையப் பேர் கேட்பார்கள். சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டு தெரிந்தாலும் பல கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான், அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விண்டோஸைத் திரும்பப் போடும்போது டி தப்பிக்கும். டிஸ்க்கே செத்துப்போனால் இரண்டும் சேர்ந்து போகும். அதேபோல கிளவுடில் தானாக ஒத்திசையும் ஃபோல்டரை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. இங்கே நீங்கள் தெரியாமல் அழித்தால் அங்கேயும் அழியும்.

இந்தத் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டு உபயோகத்துக்கு இதை இப்படிச் செய்யலாம்: கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று, எக்ஸ்டர்னல் டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று. எக்ஸ்டர்னல் டிரைவை நகல் எடுத்து முடித்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் சொருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்த அன்று பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்த பிறகு அதிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள், திறக்காத பேக்கப் இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

டாஸ்க் மேனேஜரைப் படிப்பது எப்படி

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாகத் திறந்தால் கீழே மோர் டீடெய்ல்ஸ் என்று இருப்பதை அழுத்தினால் முழுதாக விரியும். சிபியு (அதாவது பிராசஸர்), மெமரி (அதாவது ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று பத்திகள் தெரியும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம். எதன் தலையில் கிளிக் செய்கிறீர்களோ அதை அதிகமாக உபயோகிக்கும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். கம்ப்யூட்டர் திணறும்போது இதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம், நன்றாக ஓடும்போது பார்த்து ஒன்றும் தெரியாது.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? பழைய, சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர்களில் இது தினசரிக் காட்சி. ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் டிஸ்க் 100-லேயே இருக்கும், ஆனால் அதற்குக் கீழே பார்த்தால் ஒவ்வொரு புரோகிராமும் நொடிக்கு ஒன்று, இரண்டு எம்பிதான் படித்துக்கொண்டிருக்கும். முரணாகத் தெரிகிறதல்லவா? ஒரே ஆளிடம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பத்து வேலை சொன்னால், அவர் நேரமெல்லாம் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் நடப்பதிலேயே போய்விடும். ஹார்ட் டிஸ்க்கின் கதையும் அதுதான், உள்ளே இருக்கும் ஹெட் ஒவ்வொரு கோப்புக்கும் இடம் மாறி இடம் மாறிப் போக வேண்டும், அந்த நகர்வுக்கே நேரம் போகிறது. ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிட்டால், ஆன் ஆகும்போதே ஓடத் தொடங்கும் புரோகிராம்கள் அதிகம் என்று அர்த்தம். அடங்கவே இல்லையென்றால் டிஸ்க்கையே சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் கீழே வழி சொல்கிறேன்.

மெமரி எப்போதும் 90-ஐத் தாண்டி இருக்கிறதா? ரேம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பகுதியை ரேம் மாதிரி உபயோகிக்கத் தொடங்கும், டிஸ்க் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, அதனால்தான் ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு கணம் உறைந்து நிற்கிறது. 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு இன்றைக்கு பிரவுசரில் நாலு டேப் திறப்பதே பாடு. 8 இருந்தால் வீட்டு வேலைகளுக்குச் சமாளிக்கலாம், 16 இருந்தால் ரேமைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் 50, 60 சதவீதம் காட்டுவதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை, சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை. ரேம் கிளீனர் என்று வருகிறவை வேண்டியதையும் சேர்த்து ரேமிலிருந்து வெளியே தள்ளும், அடுத்த நிமிடமே விண்டோஸ் அதை மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கும்.

சிபியு நீங்கள் ஒன்றும் செய்யாதபோதும் உயரத்தில் இருந்தால் மேலே இருக்கும் பெயரைப் பாருங்கள். ஆன்டிமால்வேர் சர்வீஸ் என்று தொடங்கினால் அது விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ், ஸ்கேன் ஓடுகிறது, முடியட்டும். அப்டேட் சம்பந்தப்பட்டதென்றாலும் அப்படியே. பெயரே விளங்காத ஏதோ ஒன்று மணிக்கணக்கில் சிபியுவைத் தின்றால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஃபுல் ஸ்கேன் ஓட விடுங்கள்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போய் சிபியுவைக் கிளிக் செய்தால் கீழே அப்டைம் என்று ஒரு எண் இருக்கும். தினமும் ஷட் டவுன் செய்கிறவருக்குக்கூட அது பத்து நாள், இருபது நாள் என்று காட்டும். காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி. அடுத்த முறை சீக்கிரம் ஆன் ஆக வேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன்னுடைய மையப் பகுதியை முழுதாக மூடாமல் டிஸ்க்கில் அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். எனவே வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் செய்யுங்கள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், சரியாகவில்லை" என்பவர்களில் பல பேருக்கு ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடும்.

ஆன் ஆகும்போதே தொற்றிக்கொள்பவை

டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்று ஒரு பகுதி உண்டு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக ஓடத் தொடங்குபவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும், இம்பாக்ட் என்ற பத்தியில் ஹை, மீடியம், லோ என்று பாரமும் போட்டிருக்கும். வேண்டாததை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். இதனால் அந்தப் புரோகிராம் அழிந்துவிடாது, நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும்.

எதை நிறுத்தலாம்? சாட், வீடியோ மீட்டிங், பாட்டு, கேம் லாஞ்சர், பிரின்டர் கம்பெனியின் உதவியாளர், ஏதாவது ஒன்றின் அப்டேட்டர், இதையெல்லாம் தயங்காமல் நிறுத்தலாம். ஆன்டிவைரஸ், சவுண்ட், டச்பேட், கிராஃபிக்ஸ் சம்பந்தப்பட்டதை விட்டுவிடுங்கள். பேக்கப்புக்காக வைத்திருக்கும் கிளவுட் புரோகிராமையும் நிறுத்திவிடாதீர்கள், அது ஓடினால்தான் பேக்கப் நடக்கும். முடித்ததும் ஒரு ரீஸ்டார்ட். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் இந்த ஒரு வேலைக்கே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

டிஸ்க்கில் இடம்

டிஸ்க் முக்கால்வாசி நிரம்பியிருப்பதால் மட்டும் கம்ப்யூட்டர் மெதுவாகாது, கழுத்துவரை நிரம்பினால்தான் திணறும். சி டிரைவில் 15 சதவீதம் போல காலியாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு எம்பியாகச் சுரண்டி எடுப்பதில் வேகம் கூடப்போவதில்லை.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கே தெரியும். டெம்பரரி ஃபைல்ஸைத் திறந்தால் அழிக்கக்கூடியவற்றின் பட்டியல் வரும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும்: அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக இருக்கும். எல்லாவற்றிலும் டிக் அடித்துவிட்டு ரிமூவ் கொடுத்தால், டவுன்லோட்ஸில் பத்திரமாக வைத்திருந்த சான்றிதழும் ரசீதும் குப்பையோடு போய்விடும். அதில் மட்டும் டிக் இல்லாமல் பார்த்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்த பிறகு பழைய விண்டோஸின் நகல் ஒன்று பல ஜிபி அளவுக்கு உட்கார்ந்திருக்கும், பழையதற்குத் திரும்பிப் போக நினைத்தால் அது தேவை, இல்லையென்றால் பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். அப்படியும் இடம் எங்கே போகிறது என்று பிடிபடவில்லையென்றால் வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள், எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று படம் போட்டுக் காட்டும். பெரும்பாலும் மறந்துபோன வீடியோக்கள்தான்.

பிரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்யுங்கள் என்று பல வீடியோக்களில் சொல்வார்கள். வேண்டாம். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைச் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது, அழித்தால் மறுபடி எழுதும், அதுவரை திறப்பதுதான் தாமதமாகும். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பட்டியல்) கிளீனரும் அப்படித்தான், தேவையில்லாத சில ஆயிரம் வரிகளை நீக்கினேன் என்று பெருமையாகச் சொல்லும், வேகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, தவறான ஒரு வரி போனால் விண்டோஸே முரண்டு பிடிக்கும். இப்படிப்பட்ட கருவிகளிலேயே பேர்போன சிகிளீனரின் 5.33 பதிப்பில் 2017-இல் திருடர்கள் புகுந்து தீங்குநிரலைச் சேர்த்துவிட்டார்கள், கம்பெனியின் அதிகாரபூர்வ டவுன்லோடே விஷமாகி இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போனது. விண்டோஸிலேயே இருக்கும் வசதிக்கு வெளியே இன்னொருவரை எதற்கு உள்ளே விட வேண்டும்?

டிஃப்ராக், அதாவது டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது, அதைப் பற்றி இரண்டு வரி. எஸ்எஸ்டியை (சுழலும் பாகமே இல்லாத புதிய வகை டிஸ்க்) டிஃப்ராக் செய்யத் தேவையில்லை, ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸே வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறது. நீங்கள் தொட வேண்டாம்.

கம்ப்யூட்டரா, பிரவுசரா?

மெதுவாகிவிட்டது என்று சொல்கிறவர்களைக் கொஞ்சம் விசாரித்தால் பிரவுசர் மட்டும்தான் மெதுவாக இருக்கும், மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடும். எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிப் புரோகிராம்கள்) பாருங்கள், நீங்கள் போட்டதாக ஞாபகமே இல்லாதவற்றை எல்லாம் நீக்குங்கள். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் அதற்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் வரும், எந்த டேப் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று அதில் தெரியும்.

அப்புறம் இந்த ஒன்று. திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே ஸ்கேன் செய்யவும்" என்று சிவப்புக் குறியோடு ஒரு பெட்டி எழும்பும், மூடினால் அரை மணியில் மறுபடி வரும். பார்த்ததும் பதறிப்போய்க் கிளிக் செய்யாதீர்கள். உற்றுப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள் சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு இணைய முகவரியும் இருக்கும். எப்போதோ ஒரு தளத்தில் "அலோ" அழுத்தச் சொன்னார்கள், அழுத்திவிட்டீர்கள், அந்தத் தளம் இப்போது உங்களுக்கு விளம்பரம் அனுப்புகிறது. பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அலோ பட்டியலில் தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்கினால் அதோடு தீர்ந்தது.

அப்டேட், ஆன்டிவைரஸ்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கு என்று நீட்டிப்புத் திட்டம் ஒன்றையும் அறிவித்தார்கள், பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் என்று. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் கட்டாயம், அதனால் பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது ஏறாது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் நல்ல வழி, இணையம், ஆவணம், வீடியோ அளவில் வேலை உள்ளவருக்கு இரண்டொரு வாரத்தில் பழகிவிடும்.

ஆன்டிவைரஸ் ஒன்று போதும், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதுமானது. இரண்டு மூன்று போட்டால் பாதுகாப்பு கூடாது, ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சோதித்து வேகத்தைக் கெடுப்பார்கள். டிரைவர் (பிரின்டர், சவுண்ட் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) அப்டேட்டர் மென்பொருள்களும் தேவையில்லை. டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலோ அந்தக் கருவியைத் தயாரித்த கம்பெனியின் தளத்திலோ கிடைக்கும்.

தூசி

ஆன் செய்து பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் ஃபேன் இரைகிறது, அதோடு மெதுவாகிறது. இப்படி இருந்தால் மென்பொருளைத் தேடாதீர்கள், சூடுதான் காரணம். பிராசஸர் 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

டெஸ்க்டாப் கேபினெட் என்றால் நீங்களே சுத்தம் செய்யலாம். ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கட்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போர்டுக்குப் போகாது. கேன்களில் வரும் அழுத்தக் காற்றை, கேனை நிமிர்த்திப் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள். ஃபேனில் அடிக்கும்போது அது சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுழன்றால் பேரிங் கெடும். வாக்குவம் கிளீனரை உள்ளே கொண்டுபோக வேண்டாம், அது நிலைமின்சாரத்தை உண்டாக்கும். ஈரத்துணியும் வேண்டாம். பவர் சப்ளை பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபேன் இறக்கைகள் பளிச்சென்று இருக்கும், சுத்தமாகிவிட்டது என்று மூடிவிடுவார்கள். ஆனால் ஃபேனுக்கும் அதற்கடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி படிந்து படிந்து கம்பளித் துணி போல ஒரு படலமாக ஒட்டியிருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், தகடுகளின் இடைவெளி வழியே வெளிச்சம் அந்தப் பக்கம் வர வேண்டும். வரவில்லையென்றால் வேலை பாக்கி இருக்கிறது.

லேப்டாப் என்றால் காற்று வெளியேறும் ஓட்டை வழியே வெளியிலிருந்து அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், பழக்கமில்லாதவர் திறக்க வேண்டாம். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் இருக்கும் காற்றுவழி அடைபடும். லேப்டாப்பின் அடிப்பகுதி உப்பியிருந்தாலோ டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜ் போடுவதை நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். அமுக்கிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

காசு செலவழிப்பதென்றால்

முதலில் எஸ்எஸ்டி. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி என்று எழுதியிருக்கும். எச்டிடி என்று இருந்து, விண்டோஸும் அதில்தான் இருக்கிறது என்றால், மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்தாலும் எஸ்எஸ்டிக்கு மாறுவதற்கு ஈடாகாது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே (பழைய ஹார்ட் டிஸ்க் சொருகும் அதே வகை இணைப்பில் ஓடுவது) நொடிக்கு 500 எம்பி அளவில் படிக்கும், ஹார்ட் டிஸ்க் நொடிக்கு நூற்றுச் சொச்சம்தான். அதைவிடப் பெரிய விஷயம், ஹெட் நகரும் அந்தக் காத்திருப்பு எஸ்எஸ்டியில் கிடையவே கிடையாது. வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் சாட்டா இடம் இருக்கிறதா, எம்.2 இடம் (மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் சின்ன ஸ்லாட்) இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ரேம் அதற்கு அடுத்தபடிதான், அதுவும் டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்புவதைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, கோப்புகளைத் திறக்கும்போது மொத்தமாக உறைந்து நின்றாலோ கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். குட் என்றால் நல்லது, ஆனாலும் அந்தச் சத்தம் நிற்கவில்லையென்றால் நம்பாதீர்கள். காஷன், பேட் என்று காட்டினால் ரிப்பேர், டிஃப்ராக் எதையும் ஓட விடாமல் முதலில் முக்கியமான கோப்புகளை வெளியே எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு ஒவ்வொரு கூடுதல் வேலையும் ஆபத்து.

டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பின்னுக்குப் போனால், மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

கடைசி வழி

எல்லாம் பார்த்தாயிற்று, டிஸ்க் நலம், சூடு இல்லை, ஆனாலும் தவழ்கிறது என்றால் ரீசெட் செய்யலாம். செட்டிங்ஸில் ரிக்கவரி, அதில் ரீசெட் திஸ் பிசி. கீப் மை ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் எல்லாம் போய்விடும். அப்படி இருக்கும் என்று சொன்னாலும் பேக்கப் எடுக்காமல் இதைத் தொடாதீர்கள். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும், அதற்கான ரிக்கவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்பே பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கேட்டால் வேறு வழியில் உள்ளே போக முடியாது. லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகிவிட்டுத் தொடங்குங்கள்.

முடிந்த பிறகு பழைய புரோகிராம்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் திரும்பப் போட வேண்டாம். தேவைப்படும்போது ஒன்றொன்றாகப் போடுங்கள், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகாமல், நடுவில் ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருக்கும் பெட்டிகளைப் படித்துப் பார்த்து எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்று போட்டு முடித்ததும் ஸ்டார்ட்அப் பட்டியலில் புதிதாக எதுவும் ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.